90 காட்டினால் பயப்பட வேண்டுமா?

மூச்சு வருத்தம் பற்றிப் போன மாதம் எழுதியபோது, வீட்டில் ஏதாவது கருவி வைத்திருப்பவர்கள் அதைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கொரு மெஷின் இருக்கும் போலிருக்கிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை, நெஞ்சு வருத்தக்காரருக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட். மருந்தின் அளவை மாற்றுகிற வேலையை உங்கள் கிளினிக் டொக்டரிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. சிகரெட்டைத் தொட்டதில்லை, ஆனால் நாற்பது வருடம் விறகடுப்பு. சி.ஓ.பி.டி. (சுவாசக் குழாய்கள் ஒடுங்கி அடைபடும் நாட்பட்ட வருத்தம்) என்று சொல்லி மூன்று வருடமாகிறது. லண்டனில் இருக்கும் அண்ணா இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஒக்சிமீட்டர் ஒன்று அனுப்பினார். அது வந்த நாளிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. 91 காட்டும், 89 காட்டும், ஒருநாள் விடியப்புறம் 84 காட்டி ஓட்டோ பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், அங்கே பார்த்தால் 92. அண்ணா மணிக்கொரு தரம் வாட்ஸ்அப்பில் நம்பர் கேட்கிறார். 95க்குக் கீழே போனாலே ஆபத்து என்று யூடியூப்பில் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு மகள், கரவெட்டி

பதில்: தங்கச்சி, அந்த 95ஐ முதலில் மறந்துவிடுங்கள். கொரோனாக் காலத்தில் 94, 95 என்று எல்லார் வாயிலும் அடிபட்டதே, அது நல்ல சுவாசப்பை உள்ளவர்களுக்குச் சொன்ன கணக்கு. நாட்பட்ட சி.ஓ.பி.டி. உள்ள பலரின் உடம்பு குறைந்த ஒட்சிசனுக்குப் பழகியிருக்கும். அவர்களில் காபனீரொட்சைட்டு உடம்பில் தேங்கக்கூடியவர்களுக்கு ஒட்சிசன் கொடுக்கும்போது டொக்டர்மார் வைத்திருக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான். அதற்கு மேலே ஏற்றினால் நல்லதுதானே என்று நினைப்போம், ஆனால் ஏற்றினால் அந்தக் காபனீரொட்சைட்டு இன்னும் தேங்கி ஆளை மயங்க வைக்கும். 2010 இல் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் வந்த ஆய்வு ஒன்றில், அம்புலன்சில் ஒட்சிசனை அளந்து 88–92க்குள் வைத்துக் கொடுத்தவர்களைவிட, தாராளமாகத் திறந்துவிட்டவர்களில்தான் கூடுதலான பேர் இறந்தார்கள்.

அப்ப 84? நீங்கள் ஓடியது பிழையில்லை, எனக்கு அப்படிக் காட்டியிருந்தால் நானும் ஓடியிருப்பேன். ஆனால் அந்தக் கிளிப் என்ன செய்கிறது என்று தெரிந்தால் கொஞ்சம் நிதானம் வரும். அது சிவப்பு வெளிச்சம் ஒன்றையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் ஒன்றையும் விரலுக்குள்ளால் அனுப்புகிறது. ஒட்சிசன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் அந்த இரண்டையும் வேறு வேறு அளவில் உறிஞ்சும், அந்த வித்தியாசத்தை நாடித்துடிப்போடு சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் நம்பர் வருகிறது. ஜப்பானில் தக்குவோ அவோயாகி என்ற பொறியியலாளர் 1970களில் கண்டுபிடித்த வழி இது. ஆக, நாடி விரல் நுனிவரை ஒழுங்காக வந்தால்தான் கணக்குச் சரி. மார்கழிப் பனியில் விடியப்புறம் கை ஐஸ் மாதிரி இருக்கும்போது மாட்டினால், கை நடுங்கினால், நகத்தில் கியூட்டெக்ஸோ கறுத்த மருதோன்றியோ இருந்தால் அது கண்டபடி காட்டும். கலியாண வீட்டுக்குப் போய் வந்த கையோடு அளந்துவிட்டுப் பதறி போன் எடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். மறுபக்கமும் உண்டு: நித்திரையில் சி.ஓ.பி.டி. காரருக்கு ஒட்சிசன் உண்மையாகவே இறங்குவதும் நடக்கும், ஆகையால் அந்த 84ஐக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். இன்னொன்று, கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டுவதுண்டு என்று 2020 இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு சொன்னது. எங்களுடைய தோலையும் மனதில் வைத்துப் பாருங்கள். கருவி 90 என்று காட்டினால் உண்மை அதற்கு இரண்டு மூன்று மேலேயோ கீழேயோ இருக்கலாம், சிலவேளை நாலு கூட.

செய்ய வேண்டியது இதுதான். அம்மாவைப் பத்து நிமிடம் சும்மா இருக்க விடுங்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நடுவிரலிலோ சுட்டுவிரலிலோ மாட்டி, நம்பர் ஓடி ஆடி ஒரு இடத்தில் நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். நின்ற நம்பரைத்தான் எழுத வேண்டும், மாட்டிய உடனே வருவதை இல்லை. காலையிலும் பின்னேரமும் ஒரே நேரத்தில், இரண்டு கிழமைக்குக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அப்போது அம்மாவின் வழக்கமான நம்பர் எது என்று தெரியவரும், 90ஓ 93ஓ, அது அவவுக்கே உரியது. அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, எவ்வளவுக்கு இறங்கினால் போன் எடுக்க வேண்டும், எவ்வளவுக்கு இறங்கினால் நேரே வர வேண்டும் என்று அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அதற்குப் பிறகு நாள்தோறும் அளக்கத் தேவையில்லை, அம்மாவுக்கு வழக்கத்தைவிட ஏலாமல் இருக்கும் நாளில் அளந்தால் போதும். என்ன செய்வது என்று முதலே பேசி வைக்காமல் வீட்டுக்குள் ஒரு நம்பரைக் கொண்டுவந்தால் உங்களுக்கு நடந்ததுதான் எல்லா வீட்டிலும் நடக்கும்.

நம்பர் என்னவாக இருந்தாலும் பார்க்காமல் 1990 அம்புலன்சுக்கு அடிக்க வேண்டிய நேரமும் இருக்கிறது: ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாத மூச்சு, உதடு நீலம் பாய்தல், ஆளை மாறிக் கதைத்தல், எழுப்ப எழுப்பத் தூங்கிவிழுதல், வழக்கமாக மூச்சைத் தணிக்கும் பம்ப் (இன்ஹேலர்) இந்த முறை பலன் தராமல் போதல். அம்புலன்ஸ் இலவசம், வடக்கில் 2018 முதல் ஓடுகிறது.

அண்ணாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். மணிக்கொரு தரம் கேட்பது அவருடைய பயம், அது எனக்கு விளங்குகிறது, ஆனால் அதற்கு அம்மாவின் விரல் பொறுப்பில்லை.

கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒன்றை நான் கேட்கிறேன்: அம்மா இன்னும் அடுப்படியில்தானா? 2022 இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது விறகுக்குத் திரும்பிய வீடுகள் பல, காஸுக்குத் திரும்பி வராத வீடுகளும் இருக்கின்றன. பொச்சுமட்டையும் பனம்மட்டையும் எரியும் குசினிக்குள் அவ தினம் இரண்டு மணித்தியாலம் நின்றால் எந்தக் கருவியாலும் ஒன்றும் செய்ய ஏலாது.

கேள்வி: போன் கமராவில் விரலை வைத்தால் ஒட்சிசன் சொல்லும் செயலி ஒன்றைத் தரவிறக்கம் செய்திருக்கிறேன். நம்பலாமா?
— மாணவன், நெல்லியடி

பதில்: அழித்துவிடுங்கள், தம்பி. மேலே சொன்ன அந்த இரண்டாவது வெளிச்சம் போனின் பிளாஷில் இல்லை. நாடித்துடிப்பை ஓரளவு எண்ணும், ஒட்சிசன் என்று காட்டுவதை நம்பி ஒரு முடிவும் எடுக்கக்கூடாது. கைக்கடிகாரத்தில் வருவதும் சொந்த ஆர்வத்துக்குப் பார்க்கலாம், வருத்தக்காரருக்கு வேண்டாம்.

கேள்வி: எனக்கு 72. சுருட்டு விட்டு எட்டு வருடம். கொஞ்சம் நடந்தாலே முட்டு வருகிறது. ஸ்காபரோவில் இருக்கும் மகள் அங்கேயே ஒரு ஒட்சிசன் மெஷின் வாங்கிப் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன் என்கிறாள். பெறுமதியான சாமான், வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை. வாங்கலாமா?
— ஓய்வுபெற்ற விவசாயி, கொக்குவில்

பதில்: ஐயா, மகளிடம் இன்றைக்கே போன் எடுத்துப் பொறுக்கச் சொல்லுங்கள். கனடாவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். எங்களுடையது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அங்கத்தைய மெஷினை இங்கே பிளக்கை மட்டும் மாற்றிக் குத்தினால் சில விநாடியில் புகைந்துவிடும். எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீட்டில் அப்படி நடந்து, பெரிய பெட்டியில் வந்த சாமான் இப்போது அறை மூலையில் துணி போட்டு மூடிக் கிடக்கிறது. டிரான்ஸ்போமர் போட்டால் வோல்ட் சரியாகும், ஹேர்ட்ஸ் மாறாது, உள்ளே இருக்கும் கொம்பிரசர் மோட்டார் வேறு வேகத்தில் ஓடும், வருகிற ஒட்சிசனும் சொன்ன அளவில் இராது. வாங்குவதென்றால் 230/50க்கு என்று செய்த மெஷின், அதுவும் திருத்த ஆள் இங்கே இருக்கிற மெஷினாக வாங்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால் உங்களுக்கு அது தேவையா என்ற கேள்வி இருக்கிறது. முட்டு வருவது வேறு, ஒட்சிசன் குறைவது வேறு. முட்டு முட்டி நிற்கும் ஆளுக்கு 95 இருக்கும், வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஆளுக்கு 86 இருக்கும், இரண்டையும் நான் கண்டிருக்கிறேன். வீட்டு ஒட்சிசன் ஆயுளைக் கூட்டும் என்று காட்டிய பழைய ஆய்வுகள் இரண்டு, 1980 இல் அமெரிக்காவில் ஒன்று, 1981 இல் பிரித்தானியாவில் ஒன்று. இரண்டும் இரத்தத்தில் ஒட்சிசன் நன்றாகக் குறைந்தவர்களை வைத்துச் செய்தவை. அவர்களும் நாளுக்கு 15 மணித்தியாலத்துக்குக் குறையாமல் பிடித்தால்தான் பலன். கொஞ்சம் மட்டும் குறைந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வு 2016 இல் வந்தது, அதில் ஆயுளும் கூடவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போவதும் குறையவில்லை. ஆகவே வருத்தம் அமைதியாக இருக்கும் ஒரு நாளில், நாடியில் இரத்தம் எடுத்துச் சோதித்து, டொக்டர் எழுதித் தந்தால்தான் இந்த மெஷின். பின்னேரம் களைத்தால் அரை மணித்தியாலம் பிடிப்போம் என்பதற்கு இல்லை.

டொக்டர் எழுதித் தந்துவிட்டார் என்று வைப்போம். மெஷின் சிலிண்டர் மாதிரி ஒட்சிசனை அடைத்து வைத்திருப்பதில்லை. அறைக் காற்றை இழுத்து, சியோலைட்டு என்ற மணிமணியான கல் நிறைந்த குழாய்க்குள் அழுத்தி, நைதரசனை அதில் ஒட்டவைத்து, மிஞ்சுகிற ஒட்சிசனை உங்களுக்கு விடுகிறது. நல்ல 5 லீற்றர் மெஷின் என்றால் 5 லீற்றரிலும் 90 வீதத்துக்குக் குறையாத ஒட்சிசன் வர வேண்டும். இணையத்தில் மலிவாக விற்கும் சின்னப் பெட்டிகளில் “1 முதல் 7 லீற்றர்” என்று போட்டிருக்கும். ஒரு லீற்றரில் 90 வீதம் வரும், ஏழுக்குத் திருப்பினால் 30 வீதத்துக்கு இறங்கிவிடும், அறைக் காற்றிலேயே 21 இருக்கிறது. அதை வாங்குவதைவிடக் கதவைத் திறந்து வைக்கலாம்.

கரண்ட் கணக்கையும் பாருங்கள். 350 வொட் இழுக்கும் மெஷினை 15 மணித்தியாலம் ஓட விட்டால் நாளுக்கு ஐந்து அலகுக்கு மேலே, மாதம் 150 அலகு தாண்டும். அலகு கூடக்கூட விலையும் ஏறுகிற எங்கள் பில்லில் அது சின்ன விஷயமில்லை, மகள் காசு அனுப்புவதென்றால் மெஷினோடு பில்லையும் சேர்த்து நினைக்கச் சொல்லுங்கள். கரண்ட் நின்றால் மெஷினும் நிற்கும். 2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த நாட்களில் மெஷின் வீடுகளில் பட்ட பாடு பெரும்பாடு. பக்கத்தில் ஒரு சிறிய சிலிண்டரும், அதைத் திறக்கத் தெரிந்த இரண்டு பேரும் வீட்டில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு வைக்கும் யு.பி.எஸ். இதைத் தாங்காது.

தண்ணீர்ப் போத்தல் உள்ள மெஷினுக்குக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே விடாதீர்கள், எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு மாதத்தில் வெள்ளைப் படையாகக் கட்டிவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர் விடுங்கள், நாளுக்கு நாள் மாற்றுங்கள். குத்துவிளக்கு, சாம்பிராணித் தட்டு, காஸ் அடுப்பு எல்லாம் குறைந்தது 3 மீற்றர் தள்ளி. சாமியறைக்குள் குழாயோடு போய்க் கற்பூரம் காட்டும் பழக்கம் இருந்தால் அதை மருமகளிடம் கொடுத்துவிடுங்கள். மூக்கு காய்ந்தால் வாசலின் பூசக்கூடாது, அதுவும் ஒட்சிசனும் சேர்ந்தால் பற்றும். ஓட்ட அளவை டொக்டர் 1 என்று எழுதினால் 1தான், முட்டுக் கூடினால் 3க்குத் திருப்பும் வேலை வேண்டாம். காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது.

கேள்வி: எனக்கு இருப்பது தொய்வா சி.ஓ.பி.டி.யா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு டொக்டரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
— வாசகர், சுன்னாகம்

பதில்: ஊதிப் பார்க்காமல் தெரியாது. ஸ்பைரோமீட்டர் என்ற கருவியில், பம்ப் அடித்துக் கால் மணித்தியாலம் கழித்து, இழுத்த மூச்சு முழுவதையும் பலமாக ஊத வேண்டும். முதல் ஒரு விநாடியில் வெளியே வந்த காற்று, மொத்தமாக வந்த காற்றின் 70 வீதத்துக்குக் குறைவாக இருந்தால் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன, பம்ப் அடித்தும் திறக்கவில்லை என்று பொருள். தொய்வில் பெரும்பாலும் மருந்துக்கு நன்றாகத் திறக்கும். கருவி புதிதில்லை, ஜோன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய டொக்டர் 1846 இலேயே ஆக்களை ஊத வைத்து அளந்திருக்கிறார். மருந்து எடுப்பது வருடக்கணக்கு, ஊதுவது கால் மணித்தியாலம், ஆகவே கிளினிக்கில் “என்னை ஒருக்கா ஊத வைத்துப் பாருங்கோ” என்று நீங்களாகவே வாய் திறந்து கேளுங்கள்.

கேள்வி: அப்பாவின் பம்ப் வேலை செய்யவில்லை என்று சொல்லி மூன்று முறை மாற்றிவிட்டோம். வெளிநாட்டில் போனோடு இணையும் ஸ்மார்ட் பம்ப் வந்திருக்கிறதாம், அதை எடுப்பித்தால் சரிவருமா?
— மகன், மானிப்பாய்

பதில்: வந்திருக்கிறது, உண்மை. பம்பின் மேலே தொப்பி மாதிரிக் கொளுவும் ஒரு சென்சர், எந்த நேரம் அடித்தார் என்று போனுக்குச் சொல்லும், சிலது உள்ளே இழுத்த வேகத்தையும் சொல்லும். மருந்தை மறக்கிறவர்களுக்கு அது உதவும். ஆனால் உங்கள் அப்பா மறக்கவில்லையே, மூன்று பம்ப் முடித்திருக்கிறார். எனக்கென்னவோ மருந்து நாக்கில்தான் விழுகிறது.

உங்கள் கையில் இருக்கும் போனே போதும். அப்பா பம்ப் அடிப்பதைப் பக்கவாட்டில் நின்று வீடியோ எடுங்கள், அவருக்குச் சொல்லிக்கொடுக்காமல், அவர் வழக்கமாகச் செய்கிற மாதிரியே. பிறகு போட்டுப் பாருங்கள். குலுக்கினாரா? அடிப்பதற்கு முன் மூச்சை வெளியே விட்டாரா? அமத்தியதும் இழுத்ததும் ஒரே நேரமா? மெதுவாக இழுத்தாரா, சுர்ரென்று இழுத்தாரா? பத்து எண்ணும்வரை பிடித்து வைத்தாரா? இரண்டாவது அடிக்கு அரை நிமிடமாவது பொறுத்தாரா? இதில் இரண்டு பிழைத்தாலே மருந்து நெஞ்சுக்குப் போகாது, வாயிலிருந்து புகை மாதிரி வெளியே வருவது வீடியோவில் தெரியும். கிளினிக்குக்கு அந்த வீடியோவைக் கொண்டுபோங்கள். மிஸ்ஸிமாருக்கு இருபது விநாடி பார்த்தாலே விளங்கிவிடும், வாயால் சொல்லச் சொன்னால் எல்லாரும் சரியாகத்தான் சொல்வார்கள்.

கப்சூல் போட்டுத் திருப்பி இழுக்கும் வகை என்றால் கணக்குத் தலைகீழ். அதில் பலமாகவும் வேகமாகவும் இழுக்க வேண்டும், கருவிக்குள் ஊதவே கூடாது, ஊதினால் தூள் நனைந்து ஒட்டிவிடும். வீட்டில் இரண்டு வகையும் இருந்து இரண்டையும் ஒரே மாதிரி இழுக்கிறவர்கள் நிறையப் பேர்.

பம்புக்கு ஸ்பேசர் வாங்குங்கள், பம்புக்கும் வாய்க்கும் நடுவில் கொளுவும் குழாய் அது. கை அமத்துவதும் மூச்சு இழுப்பதும் ஒன்றாக வராத வயதானவருக்கு இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இல்லை என்பது என் எண்ணம். மருந்து முதலில் அந்தக் குழாய்க்குள் நின்று, பிறகு ஆறுதலாக நெஞ்சுக்குப் போகும். வாங்க வசதி இல்லாத இடங்களுக்காகத் தென்னாபிரிக்காவில் 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டுத் தொய்வுள்ள பிள்ளைகளில் சோதித்தார்கள், கடையில் விற்கும் ஸ்பேசருக்குக் குறையாமல் வேலை செய்தது, 1999 இல் வெளியிட்டார்கள். ஸ்பேசரைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிட்டுக் காற்றில் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உள்ளே மின்னேற்றம் வந்து மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

பம்ப் முடிந்ததா என்று பார்க்கத் தண்ணீரில் மிதக்கவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அதில் ஒன்றும் தெரியாது. 200 அடி உள்ள பம்ப், காலை இரண்டு இரவு இரண்டு என்றால் 50 நாள். திறந்த அன்றே தினக் கலண்டரில் ஐம்பதாவது நாளைச் சுற்றி வட்டம் போடுங்கள். ஸ்டீரொயிட் பம்ப் என்றால் அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும்.

மருந்தைப் புகை மாதிரி ஆக்கிக் கொடுக்கும் நெபுலைசர்? அதையும் கேட்பீர்கள் என்று தெரியும். ஸ்பேசரோடு ஒழுங்காக அடித்த பம்புக்கும் அதற்கும் பல நேரங்களில் பெரிய வித்தியாசம் இல்லை, கழுவாத நெபுலைசரில் கிருமி வளரும் என்பது மேலதிகம்.

கேள்வி: நெடுந்தீவில் இருக்கிறோம். கணவருக்கு சி.ஓ.பி.டி. கிளினிக்குக்குப் படகில் குறிகட்டுவான் வந்து, பிறகு பஸ். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. போனிலேயே பார்த்துக்கொள்ள முடியாதா?
— மனைவி, நெடுந்தீவு

பதில்: பாதி முடியும், அக்கா. வெளிநாடுகளில் வீட்டிலேயே ஒட்சிசனும் அறிகுறியும் அளந்து தினமும் கணினி மூலம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முறை பல வருடமாக இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஸ்கொட்லாந்தில் 256 பேரை வைத்து ஒரு வருடம் செய்த ஆய்வு 2013 இல் வந்தபோது, அப்படித் தினமும் அனுப்பியவர்களும் அனுப்பாமல் நல்ல கவனிப்பு மட்டும் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. நல்ல நேர்சும் மருந்தும் இரண்டு பக்கமும் இருந்தன, மெஷின் மேலதிகமாக எதைக் கொடுக்கும்?

உங்களுக்கு நடுவில் கடல் இருக்கிறது, அதனால் உங்கள் கணக்கு வேறு. உங்களுக்குத் தேவை முன்கூட்டியே எழுதி வாங்கிய ஒரு தாள். சளி வழக்கத்தைவிடக் கூடி, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, முட்டும் கூடினால் எந்த மருந்தை எத்தனை நாள் தொடங்குவது என்று டொக்டர் எழுதி, அந்த மருந்தையும் கையில் தந்து விடுவார்கள், எல்லாருக்கும் இல்லை, பொருத்தமானவர்களுக்கு. அதைத் தொடங்கும் அன்று போன் எடுத்துச் சொல்ல ஒரு நம்பரும் வாங்கி வையுங்கள். போனில் கதைக்கும்போது “ஏலாமல் இருக்கிறார்” என்று மட்டும் சொல்லாதீர்கள். சட்டையைக் கழற்றி நெஞ்சும் வயிறும் தெரிய ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள், அந்த ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணிச் சொல்லுங்கள். சளியை வெள்ளைத் தாளில் துப்பி வெளிச்சத்தில் படமெடுங்கள். அருவருப்புத்தான், டொக்டருக்கு அருவருப்பில்லை. கிளினிக் கொப்பியின் எல்லாப் பக்கமும் போனில் படமாக இருக்கட்டும், கொப்பி நனைந்து வந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

கடல் சரியில்லை என்று வானிலை அறிவித்தல் வந்தால், முட்டு இலேசாகக் கூடியிருந்தாலும் அன்றே தீவிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் காட்டிவிடுங்கள். படகு நின்ற பிறகு யோசிக்கிற நிலை வரக்கூடாது. வருடாந்தச் சளிக்காய்ச்சல் ஊசியும் நியூமோனியா ஊசியும் கணவருக்குப் போட வசதியுண்டா என்று கேளுங்கள்.

கேள்வி: போனில் காற்றின் தரம் பார்க்கும் செயலி வைத்திருக்கிறேன். மார்கழி வந்தால் யாழ்ப்பாணம் சிவப்பாகிறது. தொய்வுள்ள பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பலாமா?
— தாய், நல்லூர்

பதில்: செயலி சொல்வதில் விஷயம் இருக்கிறது. வடக்கிலிருந்து காற்று வீசும் மாதங்களில் இந்தியப் பக்கத்துப் புகை எங்களுக்கும் வரும். 2022 டிசம்பரில் காற்றின் தரம் கெட்டு நாடு முழுவதும் ஒருநாள் பள்ளிக்கூடம் மூடினார்கள். சிவப்பாக இருக்கும் நாளில் அனுப்பலாம், ஓடி விளையாட விடவேண்டாம், பம்ப் பையில் இருக்கட்டும், ஆசிரியருக்கும் தெரிந்திருக்கட்டும். ஆனால் அதே வீட்டில் இரவு நுளம்புச்சுருள் கொளுத்தினால்? மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடிய வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003 இல் வந்த ஆய்வில் அளந்திருக்கிறார்கள். செயலி அந்த அறைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. நுளம்பு வலை கட்டுங்கள். பின்னேரம் வளவு கூட்டிக் குப்பை எரிப்பதையும் விடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் எரித்தால் அவரோடு கதைப்பது உங்கள் சாமர்த்தியம்.

கேள்வி: நடந்தால் முட்டு, அதனால் நடக்காமலே இருந்து கால் சோர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குக் கிழமைக்கு இரண்டு தரம் வர வாகன வசதியில்லை. வீடியோவில் பயிற்சி செய்தால் பலனுண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: என்னுடைய தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள் மாஸ்டர், இதற்குத்தான் காத்திருந்தேன். பலனுண்டு. தொலைவில் இருந்து போன் அல்லது வீடியோ மூலம் கொடுக்கும் மூச்சுப் பயிற்சி, ஆஸ்பத்திரிக்கு வந்து செய்வதற்கு ஏறக்குறைய சமம் என்று கொக்ரேன் குழு 2021 இல் எல்லா ஆய்வையும் ஒன்றுசேர்த்துப் பார்த்துச் சொன்னது. ஆனால் ஒருக்காவாவது நேரில் வந்து, ஆறு நிமிட நடை பார்த்து, நடக்கும்போது ஒட்சிசன் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துகொண்டு போக வேண்டும். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு வாட்ஸ்அப் வீடியோ அழைப்புப் போதும்.

தொடங்குவது சின்னதாக. கைபிடி இல்லாத கதிரையில் இருந்து எழும்பி இருத்தல், ஒரு நிமிடத்தில் எத்தனை தரம் என்று எண்ணி எழுதுங்கள். இன்றைக்கு 8 என்றால் 8. விறாந்தையின் நீளத்தைக் காலடியால் அளந்து எத்தனை நடை என்று வையுங்கள். முட்டு வரும்வரை நடவுங்கள், கதைக்க ஏலும் ஆனால் பாட ஏலாது என்ற அளவுக்கு. பயந்து அதற்கு முன் நிற்கவேண்டாம், அந்த அளவு முட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. நெஞ்சு நோ வந்தாலோ தலை சுற்றினாலோ நில்லுங்கள், அது வேறு. மூக்கால் இழுத்து, சூடான தேத்தண்ணியை ஊதி ஆற்றுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள், விடும் நேரம் இழுத்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு. எழும்பும்போதும் படி ஏறும்போதும் ஊதிக்கொண்டே செய்யுங்கள். ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை செய்தால்தான் காலில் தெரியும், இரண்டாம் கிழமையில் விடுகிறவர்கள்தான் அதிகம். பேரப்பிள்ளையிடம் போனில் அலாரம் வைக்கச் சொல்லுங்கள், அலாரம் அடித்தால் நிறுத்திவிட்டுத் திரும்பப் படுக்கக்கூடாது.

விசிறியை மறக்கவேண்டாம். முகத்தில், மூக்குக்கும் கன்னத்துக்கும் நேரே காற்றுப் படும்போது முட்டுத் தணிகிறது என்று ஆராய்ந்தே காட்டியிருக்கிறார்கள். முகத்து நரம்பு அந்தக் குளிர்ச்சியை மூளைக்குச் சொல்ல, காற்றுக்குத் தவிக்கும் உணர்வு குறைகிறது, ஒட்சிசன் நம்பர் மாறாவிட்டாலும். பற்றரியில் ஓடும் சின்ன விசிறி கடைகளில் இருக்கிறது, அதுதான் உசத்தி என்று நினைக்கத் தேவையில்லை, வீட்டில் இருக்கும் பனையோலை விசிறியும் அதே வேலையைச் செய்யும், வீச ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெதுவாக. கிளினிக் வரும் அன்றைக்கும் பையில் வையுங்கள், அங்கே வரிசையில் இருக்கும்போதுதான் கூடத் தேவைப்படும்.